பால் குறைந்தால் கொட்டகையைப் பார்க்கிறோம்... தூக்கம் குறைந்தால்?

கூரை, ஜன்னல், திண்ணை... வீட்டின் அமைப்பு நம் உடம்பையும் குணத்தையும் எப்படி மாற்றுகிறது? திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தை முன்வைத்து ஒரு பார்வை.

கறவை மாடு திடீரென்று ஒரு வேளைக்கு ஒரு லிட்டர் குறைத்துக் கறந்தால் என்ன செய்வோம்? மாட்டைத் திட்ட மாட்டோம். தீவனத்தைப் பார்ப்போம், தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்போம். அடுத்ததாக, தலையைத் தூக்கிக் கொட்டகையின் கூரையைப் பார்ப்போம். ஷீட் தாழ்வாக இருக்கிறதா, காற்று வந்து போகிறதா, சாயங்கால வெயில் உள்ளே விழுகிறதா என்று யோசிப்போம். பங்குனி பிறந்ததும் ஷீட்டின் மேல் தென்னங்கீற்றைப் பரப்புகிறவர்கள் நம்மில் நிறைய பேர்.

கோழிப்பண்ணை போடுகிறவரும் அப்படித்தான். கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகலான பக்கத்தில் மட்டும் விழும். சூடு கூடினால் கோழி வாயைத் திறந்து இளைக்கும், தீவனம் எடுக்காது, முட்டை ஓடு மெலிதாகும். இதற்கெல்லாம் கோழியின் குணம் காரணம் என்று யாரும் சொல்வதில்லை.

மனிதர் விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம். பையன் ராத்திரி பதினோரு மணி வரை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தால், ஊர் சுற்றுகிறான் என்கிறோம். மருமகள் எரிந்து விழுந்தால் வாய் நீளம் என்கிறோம். வயதானவர் பகலெல்லாம் சுருண்டு கிடந்தால் வயசாகிவிட்டது என்கிறோம். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் புத்தி மட்டு என்கிறோம். எல்லாவற்றுக்கும் வீடுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. குடிக்கிறவர் எந்த வீட்டிலும் குடிப்பார். ஆனால் தூங்க முடியாத ஒரு வீடு, நல்ல மனிதரையும் நாலு நாளில் சிடுமூஞ்சி ஆக்கிவிடும். ஆளைக் குறை சொல்வதற்கு முன்னால், ஒரு முறை கூரையைப் பார்த்துவிடலாம்.

ராத்திரியில் இறங்கும் வெயில்

கத்திரி வெயில் காலத்து வானிலை அறிக்கையில் அதிக வெப்பம் பதிவான ஊர்களின் வரிசையில் திருத்தணியின் பெயரை அடிக்கடி கேட்கிறோம். கடலோரமாக இருக்கும் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, பழவேற்காடு பக்கம் டிகிரி கொஞ்சம் குறைவாக இருந்தாலும், காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது. ஆக, மாவட்டத்தின் ஒரு பக்கம் காய்கிறது, இன்னொரு பக்கம் புழுங்குகிறது.

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை இங்கே பனை ஓலை வீடும் நாட்டு ஓட்டு வீடும்தான் அதிகம். ஓலைக்கு நடுவில் காற்று அடைபட்டு இருப்பதால் சூடு கீழே இறங்காது. நாட்டு ஓடு இரண்டு மூன்று அடுக்காக அடுக்கப்படுவதால், அதன் இடுக்கு வழியாகச் சூடான காற்று மேலே போய்விடும். அந்த வீடுகளுக்கு வேறு தொல்லைகள் இருந்தன. தீப்பிடிக்கும், ஒழுகும், பாம்பும் தேளும் வரும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை கூரை மாற்ற வேண்டும். அதனால் ஷீட்டுக்கும் கான்கிரீட் தளத்துக்கும் மாறியதில் தப்பு இல்லை. மாறும்போது, பழைய கூரை தந்த குளிர்ச்சிக்கு என்ன மாற்று என்று யோசிக்காமல் விட்டதுதான் குறை.

சிமென்ட் ஷீட் என்று நாம் சொல்லும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் கனம் ஏறக்குறைய 6 மில்லி மீட்டர். வெயில் பட்டதும் சுட ஆரம்பித்துவிடும். பகல் முழுக்க அடுப்புத் தட்டுபோல மேலிருந்து அனலைக் கொட்டும். வெயில் சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

கான்கிரீட் தளம் இதற்கு நேர் மாறானது. நாலு, ஐந்து அங்குலக் கனத்தில் இருப்பதால் சூட்டை மெதுவாக வாங்கும், மெதுவாகத்தான் விடும். மதியம் வாங்கிய வெயிலை, நாம் பாயை விரிக்கும் நேரத்தில் வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் ராத்திரி பத்து மணிக்கு வெளியே சில்லென்று காற்று அடித்தாலும், உள்ளே கூரையைத் தொட்டால் கை சுடுகிறது. ஃபேன் போட்டால், அந்த மேல்மட்டத்துச் சூட்டைத்தான் நம் தலைமேல் தள்ளுகிறது.

மனித உடம்பு தூங்குவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். அறை சூடாகவே இருந்தால் அது இறங்காது. கண்ணை மூடினாலும் அடிக்கடி விழிப்பு வரும், ஆழ்ந்த தூக்கம் இருக்காது. மறுநாள் தலைவலி, எரிச்சல், மறதி, வேலையில் கவனக்குறைவு. இது ஒரு நாள் என்றால் தாங்கலாம். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் இப்படியே போனால்?

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் அறிவித்தது. வெயில் என்றால் வயலில் அடிப்பது மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்குள் அடிக்கும் வெயிலும் அதில் சேர்த்திதான். முதியவர், கைக்குழந்தை, கர்ப்பிணி ஆகியோர் அதிக நேரம் இருப்பது வீட்டுக்குள்தான்.

மேல் மாடியிலிருந்து கீழ் மாடிக்கு

கூரை என்ன செய்யும் என்பதற்கு குஜராத்தில் ஒரு கண்கூடான சாட்சி இருக்கிறது. 2010 மே மாதம் அகமதாபாத் நகரத்தைக் கடும் வெப்ப அலை தாக்கியது. வழக்கத்தைவிட 1,300-க்கும் அதிகமானோர் அந்த மாதத்தில் இறந்ததாகப் பின்னால் கணக்கிட்டார்கள். அங்குள்ள ஒரு பொது மருத்துவமனையில், பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகள் காய்ச்சலோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபடி இருந்தார்கள். தொற்று நோய் எதுவும் தெரியவில்லை. குழந்தைகள் பிறந்த பிரசவ வார்டு, கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது. மேலே நேராக மொட்டைமாடி.

வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அடுத்தடுத்த கோடைகளில், வெப்பத்தால் தீவிர சிகிச்சைக்கு வந்த பச்சிளங்குழந்தைகளின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. மருத்துவமனையும் தாய்மார்களும் அவர்களேதான். மாறியது தலைக்கு மேலிருந்த கூரை. 2013-ல் அகமதாபாத் தனக்கென்று ஒரு வெப்பத் தடுப்புத் திட்டத்தை வகுத்தது. பின்னாளில் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதும் அதில் சேர்ந்தது. தெலங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது.

படிப்பும் இப்படித்தான். அமெரிக்காவில் சுமார் 1 கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை வைத்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, வெயில் அதிகமாக இருந்த ஆண்டுகளில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது குறைகிறது என்று காட்டியது. வகுப்பறையைக் குளிர்ச்சியாக வைத்திருந்த பள்ளிகளில் இந்த இழப்பு ஏறக்குறைய இல்லை. நம் பிள்ளையின் புத்தியைச் சந்தேகப்படுவதற்கு முன், அவன் படிக்கும் மூலையில் மதியம் இரண்டு மணிக்கு நாம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

லைன் வீடும் ரோட்டோரக் கூட்டமும்

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்க்கண்டிகை சிப்காட் என்று தொழிற்பேட்டைகள் வந்த பிறகு, சுற்றியுள்ள கிராமங்களில் புதிதாக ஒரு விளைச்சல் வந்திருக்கிறது. அதுதான் வாடகை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று பல மாநிலங்களிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். நெல் போட்டுக் கட்டுப்படியாகாத சிறு விவசாயி, வீட்டை ஒட்டிய கொல்லையிலோ ரோட்டோர மனையிலோ வரிசையாக அறைகள் கட்டி விடுகிறார். அதைத்தான் லைன் வீடு என்கிறோம்.

லைன் வீட்டின் அமைப்பு எல்லோருக்கும் தெரியும். பத்துக்குப் பத்து அறை. அடுத்த அறைக்கும் இதற்கும் பொதுச் சுவர். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஜன்னல் இருக்காது. மேலே தாழ்வாக ஷீட். பல இடங்களில் ஓர் அறைக்குள் நாலு பேர், ஆறு பேர். சமையலும் உள்ளேயேதான். கக்கூஸ் கடைசியில் பொதுவாக ஒன்றோ இரண்டோ.

இந்த அறையில் இருப்பவர் சாயங்காலம் எங்கே போவார்? வெளியேதான் வருவார். ரோட்டோரம், டீக்கடை வாசல், கோயில் மதில், வரப்பு என்று எங்கு காற்று வருகிறதோ அங்கு உட்காருவார். நடு ராத்திரி வரை போனில் பேசுவார், பாட்டு வைப்பார். ஊரில் முணுமுணுப்பு கிளம்பும். “வடக்கத்தி ஆளுங்க ராத்திரி எல்லாம் ரோட்டுல நிக்கறாங்க” என்று பேச்சு வரும். அவர்கள் ரோட்டுக்கு வரக் காரணமான கூரையைப் போட்டது நாம்தான் என்பது அந்தப் பேச்சில் வராது.

அதைவிடக் கவலையான விஷயம் ஒன்று இருக்கிறது. தொழிற்சாலைகளில் ராத்திரி ஷிப்டு உண்டு. விடியற்காலையில் வேலை முடித்து வருகிறவர் பகலில்தான் தூங்கியாக வேண்டும். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை மூன்று மணி வரை ஷீட்டின் அடியில் யாரால் தூங்க முடியும்? தூங்காத கண்ணோடு அன்று ராத்திரி மறுபடி உலை முன்னாலோ பிரஸ் மெஷின் முன்னாலோ நிற்கிறார். கை நசுங்கினால் கவனக்குறைவு என்று எழுதிவிடுவார்கள். அந்தக் கவனக்குறைவின் ஒரு பாதி, அவர் படுத்திருந்த அறையில் ஆரம்பித்திருக்கலாம். இது வெளிமாநிலத்தவருக்கு மட்டுமான கதையும் இல்லை. நம் ஊர்ப் பையன்களும் அதே ஷிப்டுக்குப் போகிறார்கள், அதே மாதிரி ஷீட்டின் கீழ்தான் தூங்குகிறார்கள்.

லைன் வீடு வைத்திருப்பவர் செலவைப் பார்த்து மலைக்க வேண்டாம். எதிர்ச்சுவரில், கூரைக்குக் கொஞ்சம் கீழே ஒரு காற்றுத் துவாரம். கதவுக்கு நேரே பின்சுவரில் சிறு ஜன்னல். ஷீட்டின் மேல் வெள்ளை. வாசலில் ஆறடிக்குத் தாழ்வாரம் இறக்கி ஒரு நீளத் திண்ணை. இவ்வளவு செய்தாலே ரோட்டில் உட்காருகிறவர் தாழ்வாரத்தில் உட்காருவார். தங்குகிறவர் சீக்கிரம் காலி பண்ண மாட்டார் என்பது வீட்டுக்காரருக்கும் லாபம்தான்.

பத்துக்குப் பத்தில் ஒரு வாழ்க்கை

சூட்டைப் போலவே நெருக்கடியும் மனிதரை மாற்றும். இதற்கு நம் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. உள்நாட்டுப் போரால் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்காக அமைத்த முகாம்கள் கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் இருக்கின்றன. சில மாதங்களுக்கு என்று நினைத்துக் கட்டிய சிறு குடியிருப்புகளில் இரண்டு மூன்று தலைமுறைகள் வாழ்ந்துவிட்டன. பெற்றோர், வயதுக்கு வந்த பெண், படிக்கும் பையன், பாட்டி எல்லோருக்கும் ஒரே அறை. தடுப்பு என்று ஒரு சேலை. அப்படி ஓர் அறையில் உடை மாற்றவும், மனம்விட்டு அழவும், கணவனும் மனைவியும் ஒரு வார்த்தை தனியாகப் பேசவும் இடம் கிடையாது. பேச்சு வளர்ந்தால் விலகிப் போய் ஆறுவதற்கு இன்னொரு மூலை இல்லை. அதனால் சின்னச் சண்டையும் பெரிதாகும்.

2021-ல் தமிழ்நாடு அரசு, மாநிலம் முழுவதும் உள்ள இந்த முகாம்களில் பழுதடைந்த 7,469 வீடுகளை 231.54 கோடி ரூபாயில் புதிதாகக் கட்டப்போவதாக அறிவித்தது. அகதிகள் முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. வீட்டின் அளவும் உறுதியும் வாழ்க்கையின் மரியாதையோடு சேர்ந்தவை என்பதை ஏற்றுக்கொண்ட அறிவிப்பு அது.

மகள் தங்கும் ஹாஸ்டல்

இந்தப் பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்கள் பலவற்றில், ஒரு மகளாவது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய் ஹாஸ்டலில் தங்கியிருப்பாள். 2021 டிசம்பரில் நடந்தது நினைவிருக்கும். ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த, பூந்தமல்லி அருகே உள்ள ஹாஸ்டலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் சுமார் 250 பேருக்கு உடம்பு கெட்டது. 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் வேலை செய்யும் பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். சாப்பாடு ஒரு பொறிதான். ஓர் அறையில் அளவுக்கு மேல் ஆட்கள், தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிவறை என்று அதற்கு முன்பே மனக்குறைகள் சேர்ந்து கிடந்தன. தங்குமிடமும் சாப்பாட்டுக்கூடமும் தேவையான தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அந்தத் தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்தது.

2024 ஆகஸ்டில் காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம்-வடகாலில், சிப்காட் நிறுவனம் கட்டிய தங்கும் விடுதி திறக்கப்பட்டது. 706.50 கோடி ரூபாய்ச் செலவு, 18,720 பெண்கள் தங்கலாம். 13 கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு 6 பேர். வேலை கொடுத்தால் மட்டும் போதாது, படுக்க இடமும் சரியாக இருந்தால்தான் தொழிற்சாலை ஓடும் என்ற பாடத்துக்கு அந்தக் கட்டடம் சாட்சி.

மகளை ஹாஸ்டலில் விடப்போகும் அப்பா, அம்மா சம்பளத்தையும் பஸ் வசதியையும் மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது. அறைக்குள் போய்ப் பாருங்கள். எத்தனை பேர், எத்தனை ஜன்னல், கழிவறையில் தண்ணீர் வருகிறதா, ராத்திரியில் அங்கே போகும் வழியில் விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கழிவறை சரியில்லாத இடத்தில் பெண்கள் செய்வது ஒன்றுதான், தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். ஒரே படுக்கையை இரண்டு ஷிப்டு ஆட்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்களா என்றும் கேளுங்கள். பெண்கள் விடுதிகளை முறைப்படுத்த தமிழ்நாட்டில் 2014-ல் இயற்றிய சட்டம் இருக்கிறது. அதன்படி உரிமம் பெற்ற விடுதியா என்று கேட்பது உங்கள் உரிமை.

திண்ணை போனதும் என்ன போனது?

பழைய வீட்டில் திண்ணை வெறும் மேடாக இருக்கவில்லை. பாட்டி அங்கே உட்கார்ந்து புளி கொட்டை எடுப்பார். தெருவில் போகிறவர் நாலு வார்த்தை பேசுவார். யார் வீட்டில் கல்யாணம், யார் வயலில் நாற்று மிச்சம் என்று சேதி வரும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரனை முதலில் பார்ப்பது அவர்தான். புதிய வீட்டில் வாசல்படி ஏறியதும் ஹால். பாட்டிக்குப் பின்னறையில் ஒரு கட்டில். அவரைப் பார்க்க வேண்டும் என்றால் செருப்பைக் கழற்றி, ஹாலைத் தாண்டிப் போக வேண்டும். போகிற போக்கில் பேசுகிறவர் அதைச் செய்ய மாட்டார். பாட்டியின் பேச்சுத் துணை அந்த மூன்றடி மேட்டோடு போய்விட்டது.

ஜன்னலுக்கும் இதே வேலை உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டு 1984-ல் வெளியிட்டார். பாதிப் பேரின் ஜன்னலில் மரங்கள் தெரிந்தன. மீதிப் பேருக்குத் தெரிந்தது செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மாத்திரைகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. நமக்கு அந்த மரத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கட்டிலைத் திருப்பிப் போட்டு, ஜன்னலில் அடுக்கிய மூட்டைகளை எடுத்தாலே போதும்.

செலவு குறைந்த ஐந்து வேலைகள்

1. கூரைக்கு வெள்ளை: வெயிலில் கறுத்த கூரையின் மேல்பரப்பு 60 டிகிரியையும் தாண்டும். வெள்ளையாக இருந்தால் பெரும்பகுதி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மாசி மாதத்திலேயே தளத்தைக் கூட்டிக் கழுவி, நீர்த்த சுண்ணாம்பைக் கொஞ்சம் பசை சேர்த்து இரண்டு மூன்று கை அடியுங்கள். வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். மழையில் கரைந்துவிடும் என்பதால் வருடா வருடம் அடிக்க வேண்டும்.

2. மேற்குச் சுவருக்குப் பந்தல்: வீட்டை அதிகம் சுடவைப்பது பிற்பகல் வெயில். மேற்குச் சுவருக்கு இரண்டடி தள்ளி மூங்கில் நட்டு அவரை, பீர்க்கன், புடலை ஏற்றுங்கள். சுவருக்கு நிழல், குழம்புக்குக் காய். பத்துப் பதினைந்து அடி தள்ளி ஒரு புங்கனோ வேம்போ வைத்தால் நாலைந்து வருடத்தில் நிரந்தர நிழல்.

3. எதிரெதிர் திறப்பு: ஒரு சுவரில் மட்டும் எத்தனை ஜன்னல் வைத்தாலும் காற்று ஓடாது. உள்ளே வர ஒரு வழி, வெளியே போக எதிரில் ஒரு வழி வேண்டும். சூடான காற்று மேலே தங்கும் என்பதால், கூரைக்கு அருகில் ஒரு துவாரம் அவசியம்.

4. ஷீட்டின் கீழ் மூங்கில் தட்டி: ஷீட்டுக்கு ஓரடி கீழே தட்டி கட்டி, இடையில் உள்ள சூடான காற்று வெளியேற இரு பக்கமும் இடம் விடுங்கள். தெர்மாகோல் எளிதில் தீப்பிடிக்கும், வேண்டாம். அடுப்புக்கு மேலேயும் ஒயர் போகும் இடத்திலும் தட்டி கூடாது.

5. வாசலில் ஒரு திண்ணை: ஒன்றரை அடி உயரம், இரண்டரை அடி அகலம் போதும். மேலே நிழல் இருக்க வேண்டும். வயதானவர் எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைத்தால் இன்னும் நல்லது.

வாசகர்கள் கேட்பது

கேள்வி: கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு வந்திருக்கிறது. 300 சதுர அடிக்குத் தளம் போடுகிறோம். மீதி 60 சதுர அடியை என்ன செய்யலாம்?

பதில்: 2024-25-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். பலரும் அதைச் சாமான் போடும் அறையாக மாற்றிவிடுகிறார்கள். உங்கள் மனை அமைப்பும் ஒன்றிய அலுவலகப் பொறியாளரும் இடம் கொடுத்தால், அதை ஓடு வேய்ந்து காற்று ஓடும் தாழ்வாரமாக வைத்துக்கொள்ளுங்கள். கோடை ராத்திரிகளில் குடும்பம் அங்கேதான் தூங்கும். எந்த மாற்றத்தையும் அஸ்திவாரம் போடும் முன் பொறியாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: தெற்குப் பக்கம் ஜன்னல் வைக்கக் கூடாது என்று மேஸ்திரி சொல்கிறார். சரியா?

பதில்: தென்றல் வரும் திசையை அடைப்பது காற்றைக் கெடுத்துக்கொள்வதுதான். தெற்கு வெயிலைத் தடுப்பது சுலபம். சூரியன் உயரத்தில் இருப்பதால் இரண்டடி சன்ஷேடு போதும். மேற்கு வெயில்தான் சரிந்து வந்து ஜன்னலுக்குள் புகும், அதைச் சன்ஷேடு தடுக்காது. மேற்கில் ஜன்னலைச் சிறிதாக வைத்து, தெற்கிலும் கிழக்கிலும் தாராளமாக வையுங்கள். நம் மாவட்டத்தில் கடற்காற்று வருவதும் கிழக்கிலிருந்துதான்.

கேள்வி: பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்திருக்கிறது. உடைத்து எடுத்து மாட்டுக் கொட்டகைக்குத் தடுப்பாகப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடைக்கும்போதும், அறுக்கும்போதும், துளை போடும்போதும் கிளம்பும் தூசிதான் ஆபத்து. பல வருடம் கழித்து நுரையீரலைத் தாக்கும். கழற்றியே ஆக வேண்டும் என்றால் நன்றாகத் தண்ணீர் ஊற்றி நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்குங்கள். துணியை மூக்கில் கட்டுவது போதாது, தரமான முகக்கவசம் வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. வெள்ளை அடிக்கும்போதும் ஷீட்டை உலர்ந்த நிலையில் கம்பி பிரஷால் தேய்க்காதீர்கள்.

கேள்வி: ஃபேன் போட்டும் அப்பா மதியத்தில் மயங்கி விழுகிறார். ஷீட் வீடு. என்ன செய்வது?

பதில்: முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அறைச் சூடு 40 டிகிரியை நெருங்கும்போது ஃபேன் உடம்பைக் குளிர வைக்காது, சூடான காற்றைத்தான் வீசும். காலை பதினொரு மணிக்கு முன்பே அவரை மர நிழலுக்கோ, பக்கத்து வீட்டுத் திண்ணைக்கோ, கீழ்த்தளம் உள்ள உறவினர் வீட்டுக்கோ மாற்றிவிடுங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர், மோர், கஞ்சித் தண்ணீர் என்று கொடுங்கள். நீர் அளவைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் கூறியிருந்தால் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஈரத்துணியால் உடம்பைத் துடையுங்கள். வியர்வை நின்று, உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் நிழலில் படுக்க வைத்துத் தண்ணீர் ஊற்றியபடியே 108-ஐக் கூப்பிடுங்கள். அடுத்த வாரமே கூரைக்கு வெள்ளை அடித்துவிடுங்கள். ஐப்பசி வரை தள்ளிப் போட வேண்டாம்.